மேடையும் முறையீடும்

மணலியின் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைக்கும் மாதவரத்தின் பால் பண்ணைக்கும் இடைப்பட்ட எங்கள் மாத்தூரில், மாலை வேளையில் கடைத்தெருப் பக்கம் நடந்து போகும் எவருக்கும், மின்கம்பங்களிலும் மாடிப்படி ஓரங்களிலும் கட்டப்பட்டிருக்கும் பலகைகள் கண்ணில் படாமல் போவதில்லை. ஸ்போக்கன் இங்கிலீஷ் கற்பிக்கிறோம், நேர்முகத் தேர்வுக்குத் தயார் செய்கிறோம், மேடைக் கூச்சத்தைப் போக்குகிறோம் என்று அவை வாக்களிக்கின்றன. துறைமுகத்துக்குக் கண்டெய்னர் லாரி ஓட்டுகிறவரும், மணலி ஆலைகளில் ஒப்பந்தத் தொழிலாளியாக ஷிப்டு பார்க்கிறவரும், வீட்டு வாடகைக்கு அடுத்தபடியாகப் பிள்ளையின் பேச்சுப் பயிற்சிக்கென்று ஒரு தொகையை எடுத்து வைப்பதை நான் அறிவேன். அதை வீண் செலவென்று சொல்ல எனக்கு மனம் வருவதில்லை. உள்ளே விஷயம் இருந்தும், நாலு பேர் முன்னிலையில் அதை எடுத்துச் சொல்லத் தெரியாத ஒரே காரணத்தால் கைக்கு வந்த வேலை நழுவிப் போனதைக் கண்ட குடும்பங்கள் அவை. தங்கள் பிள்ளைக்காவது அந்தக் கதி நேரக் கூடாதென்று அவர்கள் நினைப்பதில் முழு நியாயம் இருக்கிறது.

பள்ளிக்கூடங்களிலும் பேச்சுக்கலைக்குப் பஞ்சமில்லை. இலக்கிய மன்றம் உண்டு. ஆண்டு விழா உண்டு. தலைவர்களின் பிறந்த நாள்களையொட்டித் தமிழ் வளர்ச்சித் துறை நடத்தும் பேச்சுப் போட்டிகள் உண்டு. பரிசும் பாராட்டும் உண்டு. ஆக, ஒரு பக்கம் வேலைக்காகப் பேசக் கற்பிக்கிறோம், மறு பக்கம் பரிசுக்காகப் பேசக் கற்பிக்கிறோம். இவ்விரண்டுக்கும் நடுவே, வட சென்னையின் ஜனங்களுக்கு எல்லாவற்றினும் அவசியமான மூன்றாவது பேச்சொன்று, எந்தப் பாடத்திட்டத்திலும் இடம் பெறாமலே கிடக்கிறது. தமக்கு நேர்ந்த கஷ்டத்தை, அதைத் தீர்க்கும் அதிகாரமுள்ளவர் முன்னிலையில், தெளிவாகவும் ஆதாரத்துடனும் எடுத்துரைத்து, இன்னது செய்ய வேண்டும் என்று கேட்கும் பேச்சு அது. முறையீடு என்று அதற்குப் பெயரிடலாம். அதைக் கற்பிக்க வேண்டும், அதுவும் முதலில் கற்பிக்க வேண்டும் என்பதே என்னுடைய வாதம்.

இந்த வாதம் புதியதன்று. தமிழில் மேடைப் பேச்சு என்று நாம் இன்று வழங்குவதன் சரித்திரமே இதற்குச் சாட்சி சொல்லும். பாட்டைப் படித்துப் பொருள் சொல்வதும், புராணத்தை வாசித்து விரித்துரைப்பதும் நம்மிடம் நெடுங்காலமாக இருந்தவை. ஒரு விஷயத்தை எடுத்துக்கொண்டு, கூடியிருக்கும் சகலருக்கும் விளங்கும்படி, தொடர்ச்சியான வசனத்தில் ஒருவர் நின்று பேசுவது பத்தொன்பதாம் நூற்றாண்டில்தான் வேரூன்றியது. யாழ்ப்பாணத்தில் வெஸ்லியன் மிஷன் பாடசாலையில் படித்து, பீட்டர் பெர்சிவல் பாதிரியாரின் விவிலிய மொழிபெயர்ப்புக்குத் துணை நின்ற ஆறுமுக நாவலர், பாதிரிமாரின் பிரசங்க முறையை அருகிலிருந்து கற்றறிந்து, 1847 டிசம்பர் 31-ஆம் நாள் வண்ணார்பண்ணை வைத்தீஸ்வரன் கோயிலில் தமது முதல் சைவப் பிரசங்கத்தை நிகழ்த்தினார். பின்னர் வெள்ளிக்கிழமைதோறும் அந்தப் பிரசங்கங்கள் தொடர்ந்தன. எதிர்த்தரப்பாரின் சாதனத்தையே கைக்கொண்டு தம் தரப்பை நிலைநாட்டினார் அவர்; தம் சமயத்துக்கு நேர்ந்த குறையொன்றைத் தீர்க்க வேண்டும் என்ற தவிப்பிலிருந்தே அந்தப் பேச்சு பிறந்தது.

நாவலரின் வழிவந்த புலோலி நா. கதிரைவேற் பிள்ளை சென்னைக்கு வந்து, இராயப்பேட்டை வெஸ்லி பள்ளியில் தமிழாசிரியராக இருந்தார். அவரிடம் பயின்ற மாணாக்கர்களுள் ஒருவர் திரு.வி. கலியாணசுந்தரனார். சைவப் பிரசங்க மரபில் வளர்ந்த அந்த இளைஞர், பிற்காலத்தில் அதே வெஸ்லி நிறுவனத்தில் தமிழாசிரியராகி, அப்பணியை விட்டு நீங்கி, 1917-இல் 'தேசபக்தன்' பத்திரிகையின் ஆசிரியப் பொறுப்பை ஏற்றார். அடுத்த ஆண்டு அவரது நாவன்மை கோயில் மண்டபத்தையும் பத்திரிகை அலுவலகத்தையும் தாண்டி, பெரம்பூரில் பக்கிங்ஹாம் கர்நாடிக் ஆலைகளின் நெசவுத் தொழிலாளர் நடுவே வந்து நின்றது.

அந்தச் சம்பவத்தைச் சற்று நின்று பார்க்க வேண்டும். பெரம்பூரில் செல்வபதி செட்டியார், ராமாநுஜுலு நாயுடு என்ற இருவர், ஸ்ரீ வேங்கடேச குணாமிர்த வர்ஷிணி சபை என்ற பெயரில் பக்திச் சபையொன்றை நடத்திவந்தார்கள். வேலை முடிந்த ஆலைத் தொழிலாளர் அங்கே கதை கேட்கவும் உபந்நியாசம் கேட்கவும் வருவதுண்டு. வந்தவர்கள் தங்கள் குறைகளையும் அங்கேயே பேசத் தொடங்கினார்கள். நண்பகல் உணவுக்கு விடும் இடைவேளை போதவில்லை என்பதும், மேலாட்களின் கடுமையும், கொஞ்சம் தாமதித்து வந்தால் அன்றைய கூலி போய்விடுவதும் அந்தக் குறைகள். அன்னி பெசண்ட் அம்மையாரின் 'நியூ இந்தியா' பத்திரிகையோடு தொடர்புடைய பார்சி கனவான் பி.பி. வாடியாவை அவர்கள் நாடிச் சென்றார்கள். அவர் பெரம்பூருக்கு வந்து ஆங்கிலத்தில் பேச, அது தமிழில் மொழிபெயர்த்துச் சொல்லப்பட்டது. 1918 ஏப்ரல் 27-ஆம் நாள் சென்னைத் தொழிலாளர் சங்கம் உதயமாயிற்று. வாடியா தலைவர், திரு.வி.க. துணைத் தலைவர்களுள் ஒருவர். முறையாக அமைந்த இந்தியத் தொழிற்சங்கங்களுள் இதையே முதலாவதாகச் சொல்வது சரித்திர ஆசிரியர்களின் வழக்கம்.

அக்கூட்டங்களில் நடந்த காரியம் இன்றைய பேச்சுப் பயிற்சியாளர் எவரும் ஊன்றிக் கவனிக்கத்தக்கது. தொழிலாளர் முதலில் பேசினார்கள், தலைவர்கள் கேட்டார்கள். எந்த இலாகாவில் என்ன வழக்கம், எவ்வளவு கூலி, எத்தனை மணிக்கு ஆலைக் கதவு சாத்தப்படுகிறது என்ற விவரமெல்லாம் தொழிலாளர் வாயிலிருந்தே வந்தன. அவற்றைத் தொகுத்துக் கோரிக்கையாக்கி நிர்வாகத்தின் முன் வைத்தபோது, இரைச்சலாக இருந்தது வழக்காக மாறிற்று. வாடியா அங்கே ஆற்றிய உரைகள் 1921-இல் 'லேபர் இன் மெட்ராஸ்' என்ற நூலாக வெளிவந்தன. அந்த உரைகளுக்கு எவ்வளவு பலம் இருந்தது என்பதை எதிர்த்தரப்பே காட்டிக்கொடுத்தது: ஆலை நிர்வாகம் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போய், சங்கத் தலைவர்கள் தொழிலாளரை வேலை ஒப்பந்தத்தை மீறத் தூண்டலாகாது என்று தடையுத்தரவு பெற்றது. பேசியதற்கே இப்படி வழக்குண்டு என்ற நிலை நாடெங்கும் எழுப்பிய கவலைதான், சங்கங்களுக்குச் சட்டப் பாதுகாப்பு வேண்டும் என்ற கோரிக்கைக்கு வலுவூட்டி, 1926-ஆம் வருஷத்துத் தொழிற்சங்கச் சட்டத்துக்கு வழி திறந்தது. பெரம்பூரில் சோற்று நேரத்தைப் பற்றிப் பேசத் தொடங்கிய பேச்சு, எட்டே வருஷத்தில் இந்தியா முழுமைக்கும் ஒரு சட்டத்தில் போய் முடிந்ததென்றால், வட சென்னையில் பேச்சுக்கலையின் பிறப்பிடம் எதுவென்று வேறு யாரைக் கேட்க வேண்டும்?

பிறகு வந்த காலம் பெருங்கூட்டங்களின் காலம். 1949 செப்டம்பரில் ராயபுரம் ராபின்சன் பூங்காவில், கொட்டும் மழையில் கலையாமல் நின்ற ஜனத்திரளின் முன் அண்ணா பேசிய கூட்டம், தமிழகத்தின் அரசியலையே திருப்பிவிட்டது என்பதை எல்லாக் கட்சியாரும் ஒப்புக்கொள்வார்கள். அடுக்கு மொழியும் எதுகையும் மோனையும் அக்காலத்தில் வெறும் அலங்காரமாக இருக்கவில்லை. பள்ளிக்கூட வாசலை மிதிக்காத ஒருவர், தம் தாய்மொழி இவ்வளவு கம்பீரமானது என்று முதன்முதலாகக் காதால் கேட்டுத் தலை நிமிர்ந்தது அந்த நடையினால்தான். தெருக்கோடிப் படிப்பகங்களில் ஒருவர் பத்திரிகையை உரக்கப் படிக்க, மற்றவர் கேட்டு விவாதித்து, அந்த விவாதத்தில் நாக்குப் பழகி மேடையேறிய தொழிலாளர் இந்தப் பகுதியில் அநேகர்.

அந்த நடையின் ஓசை இன்றும் நம் பள்ளிகளில் நிலைத்திருக்கிறது. அதற்கு உயிரூட்டிய காரணமோ நிலைக்கவில்லை. பள்ளிப் பேச்சுப் போட்டிகளுக்கு நடுவராகப் போய் அமர்ந்திருக்கும் வாய்ப்பு எனக்குப் பல முறை கிடைத்ததுண்டு. ஆசிரியரோ பெற்றோரோ எழுதிக் கொடுத்ததை வரி பிசகாமல் மனப்பாடம் செய்து வந்து, அவையோருக்கு வணக்கம் சொல்லி, எங்கே கை உயர வேண்டும், எங்கே குரல் தழுதழுக்க வேண்டும் என்று கற்றுக் கொடுத்தபடியே குழந்தைகள் பேசுகிறார்கள். அவர்களுடைய ஞாபக சக்தியும் உழைப்பும் மெச்சத்தக்கவை; அதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆயினும் ஒரு சொல் மறந்து நடுவில் நின்றுவிட்ட குழந்தை, அந்தச் சொல் வரும்வரை திகைத்து நிற்கிறதே அன்றி, தன் சொந்த வார்த்தையில் அந்தக் கருத்தைச் சொல்லி மேலே போவதில்லை. அந்தக் கருத்து தன்னுடையதாக இருந்ததே இல்லை என்பதால் அதற்கு வேறு வார்த்தை கிடைப்பதில்லை. பேசி முடித்த மாணவியிடம், "அம்மா, நீ சொன்னதில் உனக்கு மிகவும் பிடித்த விஷயம் எது?" என்று அன்போடு கேட்டால்கூட, மருண்டு ஆசிரியையின் முகத்தைப் பார்க்கிறாள். கேள்வி என்பது அந்தப் பயிற்சியில் எங்குமே இல்லை. கேள்வியில்லாத பேச்சைப் பழகியவர்கள், முதல் கேள்வி எழும்போது தோற்றுப் போகிறார்கள்.

வேலைக்கான பயிற்சியில் இந்தக் குறை ஓரளவு இல்லை. 2022 மார்ச் முதல் நாள் தமிழக அரசு தொடங்கிய 'நான் முதல்வன்' திட்டம், பேச்சாற்றலையும் நேர்முகத் தேர்வுப் பயிற்சியையும் அரசுக் கல்லூரி மாணவர்வரை கொண்டுவந்திருப்பது பெரிய காரியம். முன்பெல்லாம் பணமுள்ளவர்க்கு மட்டும் கிடைத்த வித்தை அது. 1924-இல் கலிபோர்னியாவின் சாந்தா அனா நகரில் ரால்ப் ஸ்மெட்லி தொடங்கிய டோஸ்ட்மாஸ்டர்ஸ் மன்றங்கள் சென்னையிலும் பல இயங்குகின்றன. அவற்றின் முறையில் நாம் கைக்கொள்ளத்தக்க இரண்டு அம்சங்கள் உண்டு. முன்னறிவிப்பின்றிக் கொடுக்கப்படும் தலைப்பில் ஓரிரு நிமிடம் எழுந்து பேசச் சொல்வது ஒன்று. ஒருவர் பேசி முடித்ததும், அவர் எங்கே தெளிவாக இருந்தார், எங்கே குழம்பினார் என்பதை மற்றொருவர் மரியாதையோடு அங்கேயே எடுத்துச் சொல்வது மற்றொன்று. இவை இரண்டும் எங்கள் பள்ளிகளுக்கு வருமானால் பாதிக் காரியம் முடிந்தது போலத்தான். ஆனால் இந்தப் பயிற்சிகளெல்லாம் ஒருவரைத் தனி மனிதராக நிறுத்தி, அவர் தம்மைத் தாமே எவ்வாறு சிறப்பாக எடுத்துக்காட்டிக்கொள்வது என்பதையே கற்பிக்கின்றன. ஊருக்காகப் பேசுவது எப்படி என்பது அவற்றின் எல்லைக்குள் வருவதில்லை.

ஊருக்காகப் பேச வேண்டிய அவசியம் வட சென்னையில் உள்ள அளவு வேறெங்கும் உண்டா என்பது சந்தேகம். 2009-ஆம் ஆண்டிலேயே மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் மணலியைக் கடுமையாக மாசடைந்த தொழிற்பகுதிகளின் பட்டியலில் சேர்த்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின் வெள்ளத்தோடு எண்ணெய்க் கழிவு மணலியிலிருந்து பக்கிங்காம் கால்வாய் வழியே எண்ணூர்க் கழிமுகம் வரை பரவி, படகையும் வலையையும் அலையாத்தி மரங்களையும் கறுப்பாக்கிற்று. அதே மாதம் 26-ஆம் தேதி நள்ளிரவை ஒட்டி, எண்ணூர் பெரியகுப்பத்தருகே உரத் தொழிற்சாலையொன்றின் கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்து, ஜனங்கள் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு இருட்டில் ஓடினார்கள். ஒவ்வொரு முறையும் அதிகாரிகள் வந்தார்கள், கூட்டம் கூடிற்று, யாரோ எழுந்து பேசினார்கள். எப்படிப் பேசினார்கள், அது எவ்வாறு பதிவாயிற்று என்பதைப் பொறுத்தே பிறகு நடந்தவை அமைந்தன.

புதிதாக ஆலையோ அனல் மின் நிலையமோ துறைமுக விரிவாக்கமோ வருகிறதென்றால், 2006 செப்டம்பர் 14-ஆம் நாளைய சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின்படி, அத்தகைய திட்டங்களுக்குப் பொதுமக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம் நடத்தப்பட வேண்டும். முப்பது நாளுக்குக் குறையாமல் அவகாசம் கொடுத்து அறிவிப்பு வெளியாக வேண்டும். மதிப்பீட்டு அறிக்கையின் சுருக்கம் ஜனங்களின் பாஷையிலும் கிடைக்க வேண்டும். மாவட்ட ஆட்சியரோ அவருடைய பிரதிநிதியான மூத்த அதிகாரியோ தலைமை வகிக்க வேண்டும். நடவடிக்கை முழுவதும் வீடியோவில் பதிவாக வேண்டும். கூட்டத்துக்கு இத்தனை பேர் வந்தாக வேண்டும் என்ற நிபந்தனை கிடையாது. வந்திருக்கும் ஒவ்வொருவருக்கும் விளக்கம் கேட்க வாய்ப்பளிக்க வேண்டும். அந்தக் கூட்டம் திட்டத்தை ஏற்பதும் இல்லை, தள்ளுவதும் இல்லை. ஆனால் அங்கே எழுப்பப்பட்ட முக்கியமான ஆட்சேபங்களுக்கு விடை தேடி, அறிக்கையைத் திருத்தி அமைக்கும் கடமை திட்டத்தைக் கொண்டுவருபவருக்கு உண்டு.

இந்த ஏற்பாட்டின் உட்பொருளை யோசித்துப் பார்த்தால், பேச்சுக் கல்வியின் அவசியம் தானே விளங்கும். "எங்கள் வாழ்க்கையே பாழாய்ப் போயிற்று, எங்களைக் காப்பாற்றுங்கள்" என்று ஒரு தாய் நெஞ்சுருகப் பேசினால், அதில் பொய் ஒன்றுமில்லை. கேட்பவர் கண்ணும் கலங்கும். ஆனால் அதற்குப் பதில் எழுத வேண்டியவர், மக்களின் நலன் பாதுகாக்கப்படும் என்று ஒரு வாசகத்தை எழுதிவிட்டு அப்பால் போய்விடலாம். அதே தாய், "இந்த அறிக்கையின் இன்ன பக்கத்தில், கழிமுகத்தில் மீன்பிடிப்போர் யாரும் இல்லை என்று போட்டிருக்கிறது; நானும் என் தங்கையும் அங்கேதான் கையால் இறால் தடவிப் பிடிக்கிறோம்; எங்கள் குப்பத்தில் இத்தனை பேர் அதையே நம்பியிருக்கிறோம்; எங்களைக் கணக்கில் சேர்த்த பிறகு மறுபடியும் அறிக்கையைக் கொண்டுவாருங்கள்" என்று சொன்னால், அந்த வாக்கியத்தை விலக்கிவிட்டுப் போக எவராலும் முடியாது. கண்ணீரும் வேண்டும், கணக்கும் வேண்டும். இரண்டையும் சேர்த்துப் பேசும் வித்தையைத்தான் 1918-இல் பெரம்பூர்த் தொழிலாளரும் அவர்களுடைய தலைவர்களும் கண்டுகொண்டார்கள்.

எங்கள் மாத்தூருக்கே உரிய ஒரு விஷயத்தையும் இங்கே சொல்ல வேண்டும். 2011-இல் சென்னை மாநகராட்சி விரிந்தபோது, அதுவரை தனி ஊராட்சியாக இருந்த மாத்தூர் அதனோடு இணைக்கப்பட்டது. சாலைக்கும் சாக்கடைக்கும் மாநகராட்சி பொறுப்பேற்றது நன்மைதான். ஆனால் ஊராட்சி போனபோது கிராம சபையும் கூடவே போயிற்று. ஊரார் ஒன்றுகூடி, வரவு செலவைக் கேட்டு, தீர்மானம் நிறைவேற்றச் சட்டம் கொடுத்திருந்த ஒரே மேடை அது. போதாக்குறைக்கு, 2016 முதல் 2022 வரை மாநகராட்சியில் தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றமே இல்லை. 2022 நவம்பர் முதல் நாள், உள்ளாட்சி தினத்தன்று, நகர்ப்புறங்களில் பகுதி சபாக் கூட்டங்கள் தொடங்கிய பிறகே, எழுந்து நின்று கேட்கும் இடம் எங்களுக்கு மறுபடியும் கிடைத்தது. இடைப்பட்ட பதினோரு வருஷத்தில் வளர்ந்து பெரியவர்களான இளைஞர்கள், ஊர்க்கூட்டத்தில் ஒருவர் பேசி, மற்றொருவர் மறுத்து, முடிவில் தீர்மானம் எழுதப்படுவதை ஒரு முறையேனும் கண்டிராதவர்கள். அவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. கண்டிராத வித்தையை யாரால் கற்க முடியும்?

பாஷையைப் பற்றியும் ஒரு வார்த்தை. வட சென்னைப் பேச்சு வழக்கைத் திரைப்படங்கள் நெடுங்காலம் நகைப்புக்கே பயன்படுத்தின. அந்த நகைப்பின் நிழல் வகுப்பறையிலும் விழுந்திருக்கிறது. காசிமேட்டுப் பையனோ எர்ணாவூர்ப் பெண்ணோ எழுந்து பேசினால், சொன்ன விஷயத்துக்கு முன்பாக உச்சரிப்பு திருத்தப்படுகிறது. இரண்டாம் முறை அந்தக் குழந்தை எழுவதில்லை. எழுத்துத் தமிழைக் கற்பிக்க வேண்டும், அழுத்தந்திருத்தமாகவே கற்பிக்க வேண்டும்; அதில் எனக்கு இரண்டாவது அபிப்பிராயம் கிடையாது. ஆனால் வாடை, கச்சான் என்று காற்றைப் பெயர் சொல்லிப் பிரித்தறிந்து, நீரின் நிறத்தைப் பார்த்தே மீன் வரவைச் சொல்லும் மக்களின் ஞானம் அந்த வழக்கில்தான் தங்கியிருக்கிறது. 2017 ஜனவரியில் டி.எம். கிருஷ்ணா எண்ணூர்க் கழிமுகத்தில் நின்று, கபேர் வாசுகி சென்னைத் தமிழில் எழுதிய புறம்போக்குப் பாடலைக் கர்நாடக இராகங்களில் பாடியபோது, சங்கீத சபைகள் அதுவரை வெளியே நிறுத்தியிருந்த பேச்சு வழக்கு தலை நிமிர்ந்து உள்ளே வந்தது. பாட்டுக்குக் கிடைத்த அந்த இடம், பள்ளி மேடையில் பேச்சுக்கும் கிடைக்க வேண்டும். முதலில் தன் வீட்டுத் தமிழில் தடையின்றிச் சொல்லட்டும். சொல்லி முடித்த பிறகு, அதையே எழுத்துத் தமிழில் எழுதித் தரட்டும். இந்த வரிசையை மாற்றினால் இரண்டுமே வராமற்போகும்.

எவ்வாறு கற்பிப்பது என்று கேட்பீர்களானால், அதற்குப் பெரிய ஏற்பாடு ஒன்றும் தேவையில்லை. எட்டாம் வகுப்பு முதல் வாரத்துக்கு ஒரு பாட வேளை போதும். மாணவன் தானே கண்ட ஒன்றைப் பற்றி, தாளைப் பார்க்காமல், மூன்று நிமிடம் பேச வேண்டும்: தெருவில் தண்ணீர் லாரி எப்போது வருகிறது, மாத்தூர் ஏரிக்கு மழைநீர் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது, காலையில் காற்றில் என்ன வாடை அடிக்கிறது, கண்டெய்னர் லாரிகள் பள்ளி விடும் நேரத்தில் எங்கே வரிசை கட்டுகின்றன. நேரில் போய்ப் பார்த்து, தேதியோடு குறித்துக்கொண்டு வந்து பேச வேண்டும். பேசி முடித்ததும் வகுப்பார் மூன்று கேள்வி கேட்க வேண்டும். தெரியாததைத் தெரியாதென்று சொல்வதற்கு மதிப்பெண் குறையலாகாது. பிறகு மற்றொரு மாணவி எழுந்து, "இவர் சொன்னது இது, கேட்டது இது" என்று சுருக்கிச் சொல்ல வேண்டும். அந்தச் சுருக்கம் தன் கருத்தைச் சரியாகப் பிரதிபலிக்கவில்லையென்றால், முதலில் பேசியவர் மறுத்துத் திருத்த வேண்டும். இந்தக் கடைசிப் படி மிக முக்கியம். ஏன் என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

மேல் வகுப்புகளில், ஏற்கெனவே நடந்து முடிந்த கருத்துக் கேட்புக் கூட்டமொன்றின் தமிழ்ச் சுருக்கத்தை எடுத்துக்கொண்டு, வகுப்பறையிலேயே அந்தக் கூட்டத்தை நடத்திப் பார்க்கலாம். ஒருவர் ஆட்சியர், ஒருவர் ஆலை நிர்வாகத்தின் பிரதிநிதி, ஒருவர் மீனவப் பெண், ஒருவர் அந்த ஆலையில் வேலையை எதிர்நோக்கி நிற்கும் இளைஞர். இந்த நால்வருக்கும் நியாயம் உண்டு. மாத்தூர் வீடுகள் பலவற்றில் இந்த நியாயங்கள் ஒரே குடும்பத்துக்குள்ளேயே மோதிக்கொண்டிருக்கின்றன. அடுத்த வாரம் வேடங்களை மாற்றிக்கொண்டு பேச வேண்டும். எதிர்த்தரப்பின் வாதத்தைத் தானே ஒரு முறை பேசிப் பார்த்தவனுக்குத் தன் வாதத்தின் பலவீனம் எங்கே இருக்கிறதென்று தெரிந்துவிடும். பேச்சுப் போட்டிகளை நிறுத்த வேண்டியதில்லை. மனப்பாட உரைக்குப் பிறகு நடுவர் கேட்கும் இரண்டு கேள்விகளுக்கு அளிக்கும் பதிலுக்கே பாதி மதிப்பெண் என்று ஒரே ஒரு விதியைச் சேர்த்தால் போதும், எழுதிக் கொடுக்கும் வழக்கம் தானாகவே தளர்ந்துவிடும்.

பெண்களின் விஷயத்தில் தனிக் கவனம் வேண்டும். மீன் ஏலத்தில் நின்று பத்து ஆண்களின் குரலை அடக்கி விலை பேசுகிற பெண், அரசாங்கக் கூட்டத்தில் மைக்கைக் கையில் கொடுத்ததும், "அண்ணே, நீங்களே சொல்லிடுங்க" என்று பக்கத்திலிருப்பவரிடம் கொடுத்துவிடுவது இங்கே அடிக்கடி காணும் காட்சி. அவளிடம் குரல் இல்லையென்று யார் சொல்வது? நாற்காலியும் மேசையும் கோப்பும் நிறைந்த அந்த இடம் தன்னுடையதன்று என்ற எண்ணமே அவளைத் தடுக்கிறது. சுய உதவிக் குழுக்கள் மாதந்தோறும் கூடுகின்றன. வரவு செலவைப் படிக்கின்றன. கடனுக்கு விண்ணப்பம் எழுதுகின்றன. அந்தக் கூட்டங்களிலேயே பகுதி சபாவில் கேட்க வேண்டிய ஒரு கேள்வியைத் தயாரித்து, ஒருவர் மாற்றி ஒருவர் நின்று சொல்லிப் பழகினால், பயிற்சி நிலையத்துக்குக் கட்டணம் கட்டாமலேயே காரியம் கைகூடும். தாய் பேசுவதைக் கண்ட மகளுக்கு மேடைக் கூச்சம் போக்கத் தனிப் பயிற்சி எதற்கு?

கேட்பவர்களுக்கும் பயிற்சி தேவை என்பதைச் சொல்லாமல் விடலாகாது. நேரமில்லை, சுருக்கமாகச் சொல்லுங்கள், ஏற்கெனவே ஒருவர் சொல்லிவிட்டார் என்று இடைமறிக்கும் அதிகாரி, தம்மை அறியாமலே பத்துப் பேரின் வாயை அடைத்துவிடுகிறார். தமிழ்ச் சுருக்கம் என்ற பெயரில் கலைச்சொல் நிறைந்த மொழிபெயர்ப்பொன்றை வெளியிடுவதும் அவ்வாறே. மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் அந்தச் சுருக்கங்களைக் கூட்டத்துக்கு முன்பே மணலி, எண்ணூர், திருவொற்றியூர் கிளை நூலகங்களில் வைத்து, தமிழாசிரியர்களைக் கொண்டு ஒரு மாலை வாசித்து விளக்கச் செய்தால், அதற்குச் செலவு அதிகமாகாது.

கடைசிப் படி முக்கியம் என்று மேலே சொன்னதற்குக் காரணம், கருத்துக் கேட்பைப் பற்றிய அந்த 2006 அறிவிக்கையிலேயே இருக்கிறது. கூட்டம் முடியும் தறுவாயில், அன்று எழுந்த கருத்துக்களின் சுருக்கத்தை, கூடியிருப்போருக்கு அவர்களுடைய பாஷையிலேயே வாசித்து விளக்க வேண்டும். அதன் பிறகுதான் அது கையொப்பமாகி மேலே போக வேண்டும். பெரும்பாலோர் தாம் பேசி முடித்ததும், வேலைக்கோ வீட்டுக்கோ போகும் அவசரத்தில் எழுந்துவிடுகிறார்கள். மாலை இருட்டும் வேளையில், காலி நாற்காலிகளுக்கு நடுவே அந்தச் சுருக்கம் வாசிக்கப்படுகிறது. எங்கள் பள்ளிகளின் பதினோராம் வகுப்பு மாணவர்கள் சிலர், குறிப்பேடும் பேனாவுமாக அதுவரை அங்கே அமர்ந்திருந்து, காலையில் தங்கள் தாயும் பாட்டியும் பேசியது அதில் இருக்கிறதா என்று வரிக்கு வரி ஒப்பிட்டுப் பார்த்து, விடுபட்டது எதுவாயினும், வணக்கத்தோடு எழுந்து, "ஐயா, இன்னார் சொன்ன இந்த விஷயம் இதில் வரவில்லை, சேர்த்துக்கொள்ள வேண்டும்" என்று சொல்லும் பழக்கத்தை, வரும் கல்வியாண்டிலேயே தொடங்கி வைக்குமாறு இப்பகுதியின் தலைமையாசிரியர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.